இழுக்கிற கை

பட்டுப்புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'இழுக்குது'. விரல் நுனியில் வெடிப்போ காய்ப்போ இருந்தால், புடவையை விரித்துக் காட்டும்போது பட்டு இழை அதில் மாட்டி எழும்பிவிடும். அப்படிப்பட்ட கையைக் கடையில் இழுக்கிற கை என்பார்கள். வீட்டில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். பாத்திரம் கழுவி முடித்ததும் தோல் காய்ந்து விறைத்துப்போகுமே, அதைத்தான் கை இழுக்குது என்போம். வேலைக்குச் சேர்ந்து பதினோராவது வருஷம் எனக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன.

எங்கள் ஊர்க் கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் வடிந்த மறுவாரமே பனி இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். அதில் சோப்பு நுரைக்காது, நுரைக்க வேண்டுமென்று நான் இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன். மார்கழி பிறக்கும்போது கட்டைவிரல் இரண்டிலும் குறுக்கே வெடித்து, உள்ளங்கை உப்புத்தாள் கணக்காக ஆகியிருந்தது.

எங்கள் மாடியின் சூப்பர்வைசர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பழைய பட்டுத் துண்டு இருக்கும். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் கையை நீட்ட வேண்டும். அவர் அந்தத் துண்டை உள்ளங்கை மேல் போட்டு மெதுவாக உருவுவார். என் கையில் அது நகராமல் நின்றது.

"இழுக்குதும்மா. பொங்கலுக்குள்ள சரி பண்ணிக்குங்க. தை முகூர்த்தத்துக்கு கூட்டம் ஜாஸ்தியாயிடும். அப்பவும் இழுத்துச்சுன்னா கீழ துண்டு செக்‌ஷனுக்குத்தான் போவணும்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த கைக்குப் போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பதினோரு வருஷமாகப் பட்டு மட்டுமே காட்டி வந்தவள் நான். சொந்தமாக என்னிடம் இருப்பது கல்யாணத்துக்கு எடுத்த ஒரே ஒரு புடவை. மற்றபடி என் ஆசையெல்லாம் கடையிலேயே தீர்ந்துகொண்டிருந்தது. காலையில் முதல் புடவையைப் பிரித்து மடியில் சரியவிடும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வேலைக்கே போனேன் என்று சொன்னாலும் தப்பில்லை. துண்டும் லுங்கியும் எடுத்துப்போட எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

கை வெடித்தவளுக்கு ஊரே வைத்தியர். பக்கத்து வீட்டுக்காரி எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் வைத்துத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். வெடிப்பில் சாறு இறங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கிளிசரினில் பன்னீர் கலந்து போடச் சொன்னார். பன்னீரை மறந்து வெறும் கிளிசரினைப் பூசி, அரை நாள் தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். கற்றாழை குளுகுளுவென்று இருந்தது, அவ்வளவுதான். பசுநெய் போட்டால் எறும்பு வந்தது.

எண்ணெய் வைத்தால் சரியாகும் என்று எனக்கே தெரியும். வம்பு என்னவென்றால், பட்டுக்கு எண்ணெய் ஆகாது. வெடித்த கை ஒரு இழையைக் கெடுக்கும், எண்ணெய்க் கை முந்தானையையே கெடுக்கும். ஒருநாள் காலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனதற்கு, வாசனை பிடித்தே என்னை மதியம் வரை புடவைப் பக்கம் விடவில்லை.

அதனால் எண்ணெயைப் படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளினேன். கையைக் கழுவி, ஈரத்தை முழுக்கத் துடைக்காமல், அந்த ஈரத்தின் மேலேயே எண்ணெயைத் தடவி, மகனின் பழைய பள்ளிக்கூட சாக்ஸை மாட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் சோப்புக்குப் பதில் கடலை மாவு போட்டுக் கழுவினேன். பாத்திரத்துக்கு ரப்பர் கையுறை வாங்கினேன்.

"என்னா, ஆபரேஷனா பண்றே?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா, குக்கருக்கு. வந்து கூட நில்லுங்க" என்றேன். வரவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை பட்டுத் துண்டு என் உள்ளங்கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. சூப்பர்வைசர் இன்னொரு முறை உருவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சாக்ஸ் மாட்டத் தொடங்கி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று பகல் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும், வரப்போகும் மருமகளுக்குக் கூறைப்புடவை எடுக்க வந்தார்கள். மகள் ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுப் பார்த்தாள். அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு எட்டியே உட்கார்ந்திருந்தார்.

"தொட்டுப் பாருங்கம்மா" என்றேன்.

"வேணாம்மா. விதைக்கு மல்லாட்டை உரிச்சு உரிச்சு கை மரமாட்டம் கெடக்குது. இழுத்துடும்."

நிலக்கடலை உரித்துக் காய்த்த கை. எங்கள் கடைச் சொல் அவர் வாயில் வந்ததும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. காலையில் ஜெயித்த கை வேறு. "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, நான் பிடிச்சுக்கறேன்" என்று அவர் கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, மகள் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு சிவப்புப் புடவையின் மேல் வைத்தேன். அவர் சட்டென்று கையை உருவிக்கொண்டார். கூடவே ஒரு ஜரிகை இழை எழும்பி வளையமாக நின்றது.

கடையில் ஒரு விதி உண்டு. வந்தவர்கள் கைபட்டு இழை எழும்பினால் அந்தப் புடவையை அவர்களே எடுத்துக்கொண்டாக வேண்டும். விற்கிறவர் கை என்றால் அது தள்ளுபடி அடுக்குக்குப் போகும், விற்றவர் கீழே போவார். அந்தச் சிவப்புப் புடவையோ இருந்ததிலேயே விலை கூடிய அடுக்கைச் சேர்ந்தது. அந்த அம்மாவுக்கு விதி தெரியாது, ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

சூப்பர்வைசர் வந்து புடவையைப் பார்த்தார். "யார் கைங்க?"

"என் கைதாண்ணா" என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. வேண்டாம் என்றவரின் கையைப் பிடித்து வைத்தது நான்தானே.

அவர் பையிலிருந்து பட்டுத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் போட்டு உருவினார். இருபத்திரண்டு நாளாக எதற்காகச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுத்தேனோ, அது அப்போது நடந்தது. துண்டு தண்ணீர்போல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு, முந்தானைக்குள் திரும்பவும் சுருண்டுகொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்தார்.

"இழுக்குதும்மா. நாளையிலேர்ந்து கீழ போயிடுங்க" என்று சொல்லித் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, என் மேலும் வந்தது. அழுகையும் வந்தது, அதைக் காட்டவில்லை. மகள் மாம்பழ நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பை போட்டுக் கொடுத்தேன்.

மகள் பில் கட்டப் போனதும் அந்த அம்மா கிட்டத்தில் வந்தார்.

"உன் கை இழுக்கலையேம்மா. புடிச்சியே, பாத்தேன். வழவழன்னு இருந்துச்சு."

நான் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு என்னா போடறே? கல்யாணத்தன்னிக்கு இந்தப் புடவைய நான்தான் தட்டுல எடுத்துக் குடுக்கணும். நம்ம கையாலதான குடுக்கணும்."

ஈரக் கையில் எண்ணெய், சாக்ஸ், காலையில் கடலை மாவு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் உதட்டை அசைத்து ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு எத்தினி நாள் இருக்குதும்மா?" என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சு."

"போதும்" என்றேன். "மூணு நாள் ஜாஸ்தியாவே இருக்கு."