ராஜாத்தி மூக்குக்கு எட்டாத வாடை

மேகமலை உச்சியில் ஏலக்காய் வெடித்தால், கீழே சுருளிப்பட்டியில் அரிசி களைந்துகொண்டே ராஜாத்தி சொல்லிவிடுவாள். இதைச் சொல்பவளும் ராஜாத்திதான். கேட்பவர்கள் புருவத்தைத் தூக்கினால், "சரி, மேகமலை கொஞ்சம் கூடுதல்தான். மூணு தெரு தள்ளிக் கருவாடு வறுத்தாச் சொல்லுவேன், போதுமா?" என்று இறங்கி வருவாள்.

சின்னமனூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த மறுநாளே, மாமியார் அடுக்குப்பானைக்குள் ஒளித்துவைத்த அதிரசத்தை மோப்பம் பிடித்து எடுத்தவள் அவள். அன்று வாங்கிய பேர். பால் திரிந்ததா, நெய்யில் கலப்படமா என்ற வழக்கெல்லாம் அதன்பிறகு அவள் மூக்கின் முன்னால்தான் தீர்ந்தன. கணவர் கருத்தக்கண்ணன் நேர்மாறு. இளவட்டத்தில் பிடித்த பொடிப் பழக்கம் அவர் மூக்கைத் தின்றுவிட்டது என்பது ஊரறிந்த சேதி. பொடியை விட்டுப் பல வருசமாகியும், "அவுக மூக்கு மூச்சு விடுறதுக்கு மட்டுந்தேன்" என்பதே வீட்டுச் சட்டம். போன மோப்பம் திரும்பி வந்திருக்குமோ என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

வீட்டுக்குப் பின்னால் பாண்டீஸ்வரனின் திராட்சைத் தோட்டம். மருந்தடிக்கிற நாளில் அந்தப் பக்கத்துச் சன்னல்கள் எல்லாம் சாத்திக்கொள்ளும். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. நெடி வந்தால் கை தானாகச் சன்னல் கொண்டிக்குப் போய்விடும். ராஜாத்தி மட்டும் சாத்துவதோடு நில்லாமல், சுவருக்கு அந்தப்புறம் நாலு வார்த்தையும் அனுப்பிவைப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பராமரிப்பு வேலையாம். கரண்ட்காரர்களின் பரம்பரையையே இழுத்து வைதுவிட்டு, வந்தால் தெரியட்டும் என்று ஃபேன் சுவிட்சைப் போட்டே வைத்திருந்தாள் ராஜாத்தி. வண்டியிலிருந்து விழுந்த கருத்தக்கண்ணன், காலில் மாவுக்கட்டோடு உள்ளறையில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். கட்டிலில் விட்டால் உருண்டு விழுந்து மற்ற காலையும் முறித்துக்கொள்வார் என்று தரையில் கிடத்தியது அவள்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முனகினார். "ஏ புள்ள, அழுகுன முட்டைக்கோசு கணக்கா என்னமோ நாறுது."

"உங்களுக்கு மூக்கு எப்ப முளைச்சுச்சு? பேசாமப் படுங்க."

பொழுது சாயும்போது, சாம்பிராணி போட அடுப்படிக்குள் நுழைந்தவளுக்கே ஒரு நெடி தட்டியது. யோசிக்க அவள் மூக்குக்கு அவசியமே இருந்ததில்லை. பாண்டி மருந்தடிக்கிறான்! அடுப்படிச் சன்னலைச் சாத்தினாள். உள்ளறைச் சன்னலைச் சாத்தினாள். மிச்ச நெடி சாம்பிராணியில் போகட்டும் என்று தூபக்காலில் சிரட்டைக்கரியை அடுக்கி, தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள்.

பற்றவைக்குமுன் பாண்டியைத் திட்டுகிற கடமை ஒன்று பாக்கி இருந்தது. பின்கதவைத் திறந்து வெளியே வந்து, அதையும் சாத்திவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

"ஏலே பாண்டி! சீக்காளி மனுசன் படுத்துக்கெடக்கான்னு தெரிஞ்சும் மருந்தடிக்கிறியே, நீயெல்லாம் வெளங்குவியா?"

பந்தலுக்கு அடியிலிருந்து பாண்டீஸ்வரனின் தலை நீண்டது. கையில் கத்தரிக்கோல், காலடியில் பாதி நிரம்பிய பழப்பெட்டி. "மதினி, மெதுவாப் பேசுங்க! வெட்டுற பழத்துக்கு எவனாச்சும் மருந்தடிப்பானா? வியாபாரி அங்கன நிக்கிறாரு, காதுல விழுந்தா பழத்தப் போட்டுட்டுப் போயிருவாரு."

"அப்ப எங்க வீட்டுக்குள்ள என்ன நாறுது?"

"எப்படி நாறுது?"

ராஜாத்தி தன் மூக்கைக் கேட்டுப் பார்த்தாள். அது கைவிரித்துவிட்டது. வேறு வழியில்லாமல் கணவரின் சொல்லையே கடன் வாங்கினாள். "அழுகுன முட்டைக்கோசு கணக்கா."

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. "மதினி, அது கேஸு! எதையும் பத்தவச்சுராதீக! அண்ணன் எங்க?"

"உள்ள... தரையில..."

தரை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடுதான் படியும் என்று சிலிண்டர் போட வருகிறவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்; இவள் அவர் சட்டையில் அடிக்கும் வேர்வை வாடையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். நின்றவள் மூக்குக்கு எட்டுமுன்பே படுத்தவர் மூக்குக்கு எட்டியிருக்கிறது. மதியத்திலிருந்து அவர் அதற்குள்ளேயே கிடக்கிறார். சன்னலையும் அவளே சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

தீப்பெட்டியை வாய்க்காலில் வீசிவிட்டு ஓடினாள். பாண்டீஸ்வரன் கைபேசியைச் சுவர்மேல் வைத்துவிட்டு ஏறிக் குதித்தான். முன்வாசலுக்கு வெளியே இருந்த மெயினைக் கரண்ட் வருமுன் இறக்கினான்.

"உள்ள எந்தச் சுவிட்சையும் தொடாதீக மதினி! போட்டது போட்டபடி கெடக்கட்டும். கதவு சன்னலை மட்டும் தொறங்க!"

ஆளுக்கு ஒரு முனையாகப் பாயைப் பிடித்து, மாவுக்கட்டோடு கருத்தக்கண்ணனை முன்வாசல் வழியாகத் தெருவுக்கு இழுத்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது. கண் சொருகியபடி இருந்தது. "இந்தாங்க, இங்கன பாருங்க" என்று கன்னத்தைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"மெதுவாத் தட்டு புள்ள. கால் போதாதுன்னு கன்னத்துக்கும் மாவுக்கட்டுப் போடணுமா?"

அப்போதுதான் ராஜாத்திக்கு மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

பாண்டீஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ரெகுலேட்டரை மூடிவிட்டு அதே வேகத்தில் வெளியே வந்தான். தோட்டத்துக்குத் தள்ளிப் போய்த்தான் கேஸ் கசிவுக்கான 1906க்குப் போன் போட்டான். வெற்றிலைபாக்குக் கடை ஒச்சாண்டி வேடிக்கை பார்க்க பீடியோடு வந்தார். ராஜாத்தி பார்த்த பார்வையில் பீடி சாக்கடைக்குப் போனது.

சோதிக்க வந்தவர் ரப்பர் குழாயைத் தூக்கிப் பார்த்து, "குழாய்க்குப் பாவாடை தச்சது யாரு?" என்று கேட்டார். அடுப்படி அழகாக இருக்கட்டும் என்று பழைய சேலையில் ராஜாத்தி தைத்துப் போட்ட உறை அது. அதற்குள்தான் குழாய் வெடிப்பு விட்டிருந்தது. தைத்தது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராயப்பன்பட்டியிலிருந்து கருத்தக்கண்ணனின் சிநேகிதர் ஸ்டான்லி, சர்ச் பூசை முடிந்த கையோடு பார்க்க வந்தார். வீட்டில் எல்லாச் சன்னலும் திறந்து கிடந்தன. அடுப்படியில் புதுக்குழாய் உறையில்லாமல் தொங்கியது. கருத்தக்கண்ணன் கட்டிலுக்கு உயர்ந்திருந்தார்.

"பின்வாசல்ல நிக்கிறேன்ணே," என்று காப்பியை நீட்டினாள் ராஜாத்தி. "குப்புன்னு ஏறுச்சு. 'ஏலே பாண்டி, இது மருந்து இல்லடா, கேஸு! ஓடியா'ன்னு ஒரே சத்தம். அந்தப் பய முழிக்கிறான். இந்த மூக்கு மட்டும் இல்லேன்னா இவுகளை இன்னைக்கு இப்படிப் பாப்பீகளா?"

கருத்தக்கண்ணன் காப்பியை ஒருமுறை முகர்ந்துவிட்டுக் குடித்தார்.

"மூக்கு என்னோடது ஸ்டான்லி," என்றார். "அவ, பாண்டிய வையப் போனா. என்னயப் பொழைக்க வச்சது அவ வாயி."