வாலுதான் வாலு என்பதற்குச் சாட்சி

உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் கைபேசியில் முகத்தைக் காட்ட வேண்டும் என்று கல்லூரியிலிருந்து செய்தி வந்ததும் வாலு தலை வாரிக்கொண்டான். அதுவே பெரிய விஷயம். திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் முகம். அடையாள அட்டையில் இருக்கும் முகத்தோடு செயலி அதை ஒத்துப்பார்த்து, இவன் இவனேதான் என்று தலையாட்டிவிட்டால் உதவித்தொகை, கல்லூரி, குளிர்சாதன இயந்திரப் படிப்பு. ஆட்டாவிட்டால் பழையபடி கைபேசி பழுதுபார்க்கும் கடையில் தரையில் உருண்டோடும் திருகாணிகளைப் பொறுக்கும் உத்தியோகம்.

"முகம் பொருந்தவில்லை" என்றது செயலி.

செயலியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அட்டைக்குப் படம் பிடித்த சமயத்தில் வாலு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தெருவை அளந்துகொண்டிருந்தான். படம் பிடிப்பவர் குனிந்து ஏதோ கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற கூட்டாளிகளிடம் கட்டிய பந்தயத்துக்காக வாலு இரண்டு கன்னத்தையும் பலூன் போல் உப்பவைத்து, இரண்டு கருவிழிகளையும் மூக்குப் பக்கம் ஓட்டிவைத்தான். மனிதர் நிமிராமலே பொத்தானை அழுத்திவிட்டார். அட்டை கைக்கு வந்தபோது வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு நாள் இதே அட்டையை நீட்டிக் கல்லூரியில் இடம் கேட்டு நிற்பாய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அதற்கும் சேர்த்துச் சிரித்திருப்பான்.

இப்போது கன்னத்தை உப்பவைத்தும் காட்டிப் பார்த்தான். "முகத்தை மறைக்கும் பொருட்களை அகற்றவும்" என்றது. கன்னத்தை எங்கே கழற்றிவைப்பது? குளியலறை வெளிச்சத்தில் ஒரு தடவை, ஜன்னலோரம் ஒரு தடவை, கட்டிலில் மல்லாந்து ஒரு தடவை. கடைசியில் செயலிக்கே அலுத்துப்போய், முயற்சிகள் தீர்ந்தன, வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வரவும் என்று கதவைச் சாத்திக்கொண்டது.

அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிப்பவள். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது.

"அம்மா, நான்தான் நான்னு நம்ப மாட்டேங்குறாங்க."

"நீ உக்காந்து படிச்சப்போ நானே நம்பலையே. வேற யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"விளையாடாதம்மா."

"விளையாட்டைப் பத்தி நீ பேசுறியா?" அம்மா ஏற்கெனவே மடித்திருந்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். "கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டா. என் பையன் காலேஜ் போறான்னு. அங்கேயாவது வாலைச் சுருட்டிக்கிட்டுப் பேசு."

பள்ளிக்கு வெளியிலிருந்தே பரீட்சை எழுதி, தேறியும்விட்டவன் அவன். எதற்காக எழுதினாய் என்று கேட்பவர்களிடம் பொழுது போகவில்லை என்பான். அம்மா சலவைக்கூடத்தில் அந்தச் செய்தியைச் சொல்லும்போது அவள் முகம் எப்படியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப்பார்ப்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மானம் போய்விடும்.

மறுநாள் கல்லூரி உதவித்தொகை அலுவலகம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஜலதோஷத்தோடு ஓர் அலுவலர் அம்மாள். அட்டையைப் பார்த்தார். வாலுவைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி அட்டையைப் பார்த்தார். "இது யாரு?"

"நான்தான் மேடம்."

"முகத்துல ஏதாவது வீக்கமா அப்போ?"

"இல்ல மேடம். திமிரு."

பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அலுவலருக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொருத்தர் பேர்ல பணம் வாங்குறவங்க நிறைய இருக்காங்க தம்பி. இந்தப் படத்தை வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. ரத்த சொந்தம் இல்லாத ஒருத்தர், அஞ்சு வருஷமாவது உங்களைத் தெரிஞ்சவர், நம்பர் குடுங்க. உங்க முன்னாடியே பேசுறேன். இவர்தான் அவர்னு அவர் வாயால ஆமான்னு சொல்லணும். இல்லன்னா விண்ணப்பம் ரத்து."

தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? தெருவே தெரியும். அதுதான் சிக்கல். அடுக்குமாடிக் காவலாளியின் செருப்பை வாசற்படியோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறான். முடிதிருத்துபவரின் கடைக் கதவில் 'இன்று முடி இலவசம்' என்று எழுதி ஒட்டியதில் அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இத்தனை வருஷம் விழுந்து விழுந்து உழைத்து, தனக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஓர் ஆள்கூட மிஞ்சாதபடி பார்த்துக்கொண்ட சாமர்த்தியத்தை எண்ணி வாலு தன்னையே மெச்சிக்கொண்டான்.

மிச்சமிருந்தவர் தையற்காரர். அவரையும் விட்டுவைத்தவனல்ல. மின்சார அலுவலகத்து அம்மாள் போல் குரலை மாற்றிக் கைபேசியில் பேசி, சோதனைக்கு வருகிறோம், மின்காத்தாடிகளைக் கழற்றி வாசலில் வையுங்கள் என்று சொல்ல, மனுஷன் மூன்றையும் கழற்றி வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு வேர்க்க வேர்க்கக் காத்திருந்தார். ஆனால் அது யார் வேலை என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் வாலு நம்பிக்கொண்டிருந்தான்.

எண்ணைக் கொடுத்தான். அலுவலர் ஒலியைப் பெரிதாக வைத்தார்.

"வணக்கம். காலேஜ் உதவித்தொகை ஆபீஸ்லேர்ந்து பேசுறேன். உங்க தெருவுல இருக்கிற ஒரு பையனைப் பத்தி..."

மறுமுனையில் தடதடத்துக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"சார்?"

"சாராவது கீராவது. போன தடவை கரண்டு ஆபீஸ் அம்மா, இந்தத் தடவை காலேஜ் அம்மாவா? ஜலதோஷம் வேற பிடிச்ச மாதிரி பேசுற. குரல் நல்லாத் தேறியிருக்குடா வாலு!"

வாலு, கண்ணாடித் தடுப்புக்குக் கீழே ஒளிய இடமிருக்கிறதா என்று பார்த்தான். வாயைத் திறக்கப்போனவனை அலுவலர் விரலைக் காட்டி அடக்கினார்.

"நான் யாருன்னு உங்களுக்கு நல்லாத் தெரியுமா?" என்று வாலு பேசுவதுபோலவே கேட்டார்.

"உன்னைத் தெரியாதா?" தையற்காரர் அவன் முழுப் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, ஓர் எழுத்து விடாமல் உரக்கச் சொன்னார். "நாலாவது மாடி, படிக்கட்டை ஒட்டின வீடு. உங்கம்மா ஆஸ்பத்திரித் துணியெல்லாம் மடிச்சு உன்னை வளக்குறாங்க. எடது புருவத்துல தழும்பு, என் கடை இரும்புக் கதவுல ஊஞ்சல் ஆடி விழுந்தது. உன் முதல் அரைக்கால் சட்டையைத் தைச்சவனே நான்தான். இன்னும் என்னடா வேணும்?"

அலுவலர் எட்டி வாலுவின் இடது புருவத்தைப் பார்த்தார். தாளில் வரிசையாகக் குறி போட்டுக்கொண்டே போனார். "அப்போ அவன்தான்னு உறுதியா ஆமான்னு சொல்றீங்களா?"

"ஆமான்னு மட்டும் சொல்ல மாட்டேன். போன தடவை ஆமான்னு சொல்லித்தான் காத்தாடியைக் கழட்டினேன். போனை வைடா!"

"மாமா, வைக்காதீங்க!" வாலு தடுப்பின் ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினான். "நான்தான் பேசுறேன். நெஜமாவே காலேஜ்லதான் நிக்கிறேன். நீங்க ஆமான்னு சொல்லலன்னா எடம் போயிடும் மாமா. காத்தாடியும் நான்தான். மன்னிச்சிடுங்க."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேக்கலாம்னுதான் கையில அளவுகோலோட நின்னேன். நீயே ஏணியைத் தூக்கிட்டு வந்துட்ட. ஏதோ வழியில பாத்த மாதிரி மூணையும் மாட்டிக்குடுத்து, கிறீச்னு கத்திட்டிருந்ததுக்கு எண்ணெயும் விட்டுட்டுப் போன. அதுக்கப்புறம் எங்கேர்ந்து அடிக்கிறது?" தையல் இயந்திரம் ஒரு சுற்று ஓடிச் சட்டென்று நின்றது. "இரு. நீ அந்தப் பக்கம் பேசுற. அப்போ அந்தம்மா யாரு?"

"நான்தான் உதவித்தொகை அலுவலர்" என்றார் அம்மாள், தும்மலுக்கு நடுவில்.

மறுமுனையில் கத்தரிக்கோல் விழுந்த சத்தம் கேட்டது. "மேடம்... வணக்கம் மேடம். ரொம்ப அடக்கமான பையன் மேடம். இருக்கிற எடமே தெரியாது."

"இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம்?"

தையற்காரர் யோசித்தார். "அதுவும் இவன்தான் மேடம்."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா மேடம். ஆமா. இப்படி இன்னொருத்தன் இருந்தா தெரு தாங்காது."

சாட்சிக்கு மாணவரை எந்த அளவுக்குத் தெரியும் என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் அலுவலர் பேனாவை நிறுத்தினார். பிறகு, 'வேண்டிய அளவுக்கு மேல்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு வாலு நேராகத் தையற்கடைக்குப் போனான். வழியெல்லாம் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தும், வாசலுக்கு வந்ததும் குனிந்து தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினான். இத்தனை நாள் வாயை வைத்தே பிழைத்தவனுக்கு இது புது அனுபவம்.

தையற்காரர் தலை நிமிரவில்லை. "குடுத்துட்டாங்களா?"

"ம்."

"அந்தம்மாவுக்குக் கோவமா?"

"கடைசியில சிரிச்சாங்க மாமா."

"சரி, உள்ள வா. இந்தப் பேன்ட்டோட போனா காலேஜ் வாசல்ல இருக்கிறவன் உன்னை நம்ப மாட்டான். அப்புறம் அவனும் எனக்குத்தான் போன் பண்ணுவான்." அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவினார். "புதுசு தைக்கிறேன். வேண்டாம்னு சொன்னா அடி விழும்."

வாலு வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினான், திரும்பச் சொன்னால் திரும்பினான். நாடா இடுப்பைச் சுற்றி வந்தபோது தலைக்கு மேல் சுழலும் மூன்று காத்தாடிகளையும் அண்ணாந்து பார்த்தான். அழுகை வெளியே தெரியாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"மூச்சை விடுடா," என்றார் தையற்காரர். "அளவு தப்பாப் போயிடும்."