அப்பாவுக்கு ஆடிட்

1. மேரி சிஸ்டரின் போன்

"சார், உங்க ஏரியாவுல எந்தப் பெரியவருக்கும் ஒண்ணுமே இல்ல. எல்லாரும் ஜம்முனு இருக்காங்க. அப்புறம் எதுக்கு சார் என்ன இந்த வெயில்ல சுத்த விட்டீங்க?"

ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடையில் வாயில் பஜ்ஜியோடு நின்றிருந்தபோது இந்த போன் வந்தது. பஜ்ஜி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

மேரி சிஸ்டர், முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் அரசுப் பராமரிப்புக் குழுவின் நர்ஸ். நான் அந்தக் குழுவுக்கும் குடும்பங்களுக்கும் நடுவில் நிற்கும் ஒரு சிறிய டிரஸ்டின் ஆள். அதற்கு முன்பு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் புது ஆட்களுக்கு சேஃப்டி கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் போடாதவனைக் கிண்டலடித்தே போட வைப்பேன். அந்த வாயை நம்பித்தான் டிரஸ்டில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வாய்க்குப் பின்னால் ஒரு கோழை ஒளிந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. பயம் வந்தால் எனக்கு ஜோக் வரும். எவ்வளவு பயமோ அவ்வளவு மட்டமான ஜோக்.

"நல்லதுதானே சிஸ்டர், ஊருக்கே திருஷ்டி சுத்திப் போட்டுடலாம்" என்றேன்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "ஏகாம்பரம்னு ஒருத்தர். பக்கவாதம் வந்தவர்னு நீங்கதான் சொன்னீங்க. நான் போறேன், வெள்ள வேட்டி, நெத்தி நிறைய விபூதி, நாற்காலியில கல்யாண மாப்பிள்ள மாதிரி உக்காந்திருக்கார். நான் அவரப் பாக்கப் போனா, 'நீ சாப்ட்டியாம்மா, எளச்சுப் போய்க்கீறியே'ன்னு அவர் என்னப் பாக்கறார். முதல் நிலை போட்டுட்டு வந்துட்டேன்."

மீதி பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இந்தப் புதுத் திட்டம் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். முன்பெல்லாம் வயதானவர்களுக்கு மாதாமாதம் மாத்திரை வீடு தேடி வரும், அத்தோடு சரி. இப்போது எங்கள் பக்கத்தில் சோதனை முறையில் மாற்றியிருந்தார்கள். நர்ஸ் வந்து பார்த்து, யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்று நிலை போடுவார். முதல் நிலை என்றால் பழையபடி மாத்திரை மட்டும். மூன்றாம் நிலை என்றால் பகல் முழுக்க ஒரு பராமரிப்புப் பணியாளர் வீட்டுக்கு வருவார், பிசியோதெரபியும் உண்டு.

அதாவது, நிலை ஏற ஏறத்தான் உதவி ஏறும். இதை மக்களுக்குப் புரிய வைப்பதுதான் என் வேலை. புரிய வைத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

2. புரிந்துவிட்ட சொல்

வினை எங்கே பிடித்தது என்றால், ரேஷன் கடைக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் நான் நடத்திய விளக்கக் கூட்டத்தில்.

"செயல்திறன் சார்ந்த தேவை மதிப்பீடு" என்று அரசு கொடுத்த தாளைப் பார்த்துப் படித்தேன். எதிரே ஒரு முகத்திலும் அசைவு இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இன்னொரு முறை படித்தேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து போனார். மூன்றாவது முறை படிக்க ஆரம்பித்த நேரத்தில் தனசேகர் எழுந்தார். ஏகாம்பரத்தின் மகன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன்.

"சார், இன்னா சொல்ல வர்றீங்கன்னா... வூட்டுக்கு வருவாங்க, பாப்பாங்க, கேள்வி கேப்பாங்க, கிரேடு போடுவாங்க. ஆடிட்டு! கரெக்டா?"

"ஓ, ஆடிட்டா!" என்று மொத்தக் கூடமும் மூச்சு விட்டது. கணவன் மனைவிக்குச் சொன்னான், மகள் அம்மாவுக்குச் சொன்னாள். இத்தனை பேருக்கு ஒரே நொடியில் புரிந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கரெக்ட்! ஆடிட்தான்!" என்று கையைத் தட்டி, கூட்டத்தை முடித்து, போண்டா சாப்பிடப் போய்விட்டேன்.

கம்பெனிகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் ஆடிட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? நானே வருஷக்கணக்கில் செய்தவன். வெளியிலிருந்து கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் லைன் முழுக்கக் கழுவிவிடுவோம். தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம். ரிஜெக்ட் ஆன பொருள் இருக்கும் தொட்டியை ஸ்டோருக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடுவோம். ஆபரேட்டருக்குச் சொல்லி வைப்போம்: "இன்னா கேட்டாலும் நோ ப்ராப்ளம் சார்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

சிஸ்டர் போனை வைத்ததும் தனசேகர் வீட்டுக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். வாசலில் கோலம், பளபளவென்று துடைத்த தரை, ஊதுவத்தி. ஏகாம்பரத்தின் இரும்புக் கட்டிலைக் காணோம். அவர் பிடித்து நிற்கும் வாக்கர் பரண் மேல். கக்கூஸ் வைத்த நாற்காலி பக்கத்து வீட்டுக் குளியலறையில் அடைக்கலம் புகுந்திருந்தது.

"வாங்க சார்!" தனசேகர் முகமெல்லாம் பல். "அப்பாவுக்கு ஒரு வாரமா ட்ரெய்னிங். எத கேட்டாலும் 'நல்லாக்கீறேன்'. ஒரு என்.சி. கூட எழுத வுடல சார் அந்த சிஸ்டர." என்.சி. என்றால் ஆடிட்டில் எழுதும் குறைபாடு. "இன்னா கிரேடு சார்?"

"முதல் நிலை" என்றேன்.

"ஃபர்ஸ்ட்டா!" என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளே பார்த்துக் கத்தினார். "கலை! அப்பா ஃபர்ஸ்ட்டு!"

நாற்காலியில் இருந்த ஏகாம்பரம் மீசையைத் தடவிக்கொண்டார். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். "இந்த வூட்ல நான் எதுல செகண்டு வந்துக்கீறேன்?" என்றார்.

கலைவாணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பத்து வருஷத்துக்கு முன் இங்கே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஹாஸ்டலுக்கு வந்து, தனசேகரைக் கல்யாணம் பண்ணி, இப்போதுதான் லைன் லீடர் ஆகியிருந்தாள். மாமனாரைக் கவனிக்க லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அடுத்த ஷிப்ட் மாற்றத்துக்குள் வருகிறாயா, இல்லை வேறு ஆளை லீடராகப் போடட்டுமா என்று மேனேஜர் கேட்டிருந்தார். பகலில் ஒரு பணியாளர் வந்தால் அவள் வேலைக்குப் போகலாம்; வராவிட்டால் வேலையை விட வேண்டும்.

"முதல் நிலைன்னா ஆள் வருமா சார்?" என்று அவள் மட்டும்தான் கேட்டாள்.

"மாத்திரை வரும்மா" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஜோக் வரவில்லை. ஜோக்குக்கும் மேலே போய்விட்ட பயம் அது.

3. பொட்டு வைக்காத மெஷின்

மறுமதிப்பீடு ஒருமுறை கேட்கலாம். அதில் போடும் நிலைதான் அடுத்த சுற்று வரைக்கும். சிஸ்டர் சம்மதித்தார். "ஆனா சார், அவர் சொல்றதத்தான் நான் எழுத முடியும். நீங்க சொல்றத இல்ல."

தனசேகரை உட்கார வைத்தேன். "தம்பி, இது ஆடிட் இல்ல. பிரேக்டவுன் கம்ப்ளைன்ட். லைன் நின்னு போச்சு, மெயின்டனன்ஸ்காரன் வர்றான். அவனுக்கு மெஷினத் தொடச்சு பொட்டு வச்சா காட்டுவ? எங்க சத்தம் வருது, எங்க எண்ணெ ஒழுகுதுன்னு சொல்லுவல்ல?"

அவருக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததும் முகம் வாடியது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்றார். சொல்லியிருக்கலாம்தான். "ஆனா அப்பா எதிர்ல எப்படி சார் சொல்றது? பெத்த அப்பனுக்கு ரிஜெக்ட் டேக் மாட்ற மாதிரிக்கீது."

சிஸ்டர் வந்த அன்று வாக்கர் கீழே இறங்கியிருந்தது. கட்டில் வந்திருந்தது. நாற்காலி பக்கத்து வீட்டிலிருந்து திரும்பியிருந்தது. ஏகாம்பரம் பனியனோடு, நாலு நாள் தாடியோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். வீட்டில் எல்லாம் தயார், அவர் வாயைத் தவிர.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"நல்லாக்கீறேம்மா."

"நடக்க முடியுதா?"

"இன்னா கேள்வி இது? டெல்லி வரைக்கும் லோடு அடிச்சவன் நானு."

"அது லாரி நடந்தது ஐயா. நீங்க இப்ப பாத்ரூமுக்கு எப்படிப் போறீங்க?"

"போவேன்."

தனசேகர் மின்விசிறியைப் பார்த்தார். விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சிஸ்டர் பேனாவைத் தாளில் வைத்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, வண்டி மக்கர் பண்ணா மெக்கானிக்குகிட்ட 'நல்லா ஓடுது'ன்னா சொல்வீங்க? ஹி ஹி..."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். "நான் வண்டியா?"

"இல்லீங்க."

"அப்ப மூடு."

மூடினேன். அப்போதுதான் கலைவாணி கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். மாமனாருக்குச் சமமாக அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"மாமா, நான் ஒங்களக் குறை சொல்லல. என் பாட்டச் சொல்லுதேன். காலைல ஒங்களத் தூக்கி நிப்பாட்டும்போது எனக்கு இடுப்பு விட்டுப் போவுது. நீங்க வலிக்கலன்னு சொல்லுதீய, நானும் வலிக்கலன்னு சொல்லுதேன். ரெண்டு பேரும் பொய்தான் மாமா சொல்லிட்டிருக்கோம். லைன்ல என் எடத்துல வேற ஆளப் போடப் போறாவ. நான் வேலைக்குப் போவணும்."

ஏகாம்பரம் தன் இடது கையைப் பார்த்தார். அதை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிஸ்டரிடம் கேட்டார்.

"ஏம்மா, எனக்கு முடியலன்னு சொன்னா, இந்தப் பொண்ணு வேலைக்குப் போவுமா?"

"ஆள் வந்தா போகலாம் ஐயா."

"முடியலன்னு சொன்னா என்ன எங்கியாச்சும் கொண்டுபோய் வுட மாட்டீங்களே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகன் ஆடிட் என்று நினைத்து மறைத்தான். அப்பா மறைத்தது அதற்காக இல்லை. தன்னை வீட்டைவிட்டுக் கழித்துவிடுவார்களோ என்று பயந்து மறைத்திருக்கிறார். ஊர் ஊராகப் போய் விளக்கம் சொன்ன நான், இது வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதற்கான ஏற்பாடு என்ற முதல் வரியை அவரிடம் சொன்னதேயில்லை. அவரை நான் கூட்டத்துக்கே கூப்பிடவில்லை.

"இல்லீங்க ஐயா. இங்கதான். இதே கட்டில்தான். ஆளுதான் இங்க வருவார்" என்றேன். என் வாழ்க்கையில் ஜோக் கலக்காமல் பேசிய சில வாக்கியங்களில் அது ஒன்று.

அவர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "அப்ப எழுதிக்கோம்மா. நடக்க முடியல."

அடைப்பு எடுத்த குழாய் மாதிரி அப்புறம் நிற்கவில்லை. பொத்தான் போட முடியல. எடது பக்கம் திரும்பிப் படுக்க முடியல. தண்ணி குடிச்சா பொரை ஏறுது. டம்ளரப் புடிச்சா பாதி மடியில கொட்டுது. தனசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். சிஸ்டரின் பேனா ஓடியது. கடைசியாக ஏகாம்பரம் என் பக்கம் கையை நீட்டினார்.

"இந்த ஆளு சொல்ற ஜோக்கக் கேக்க முடியல. அதையும் எழுதிக்கோ."

அன்றைக்கு மேரி சிஸ்டர் முதல்முறையாகச் சிரித்தார்.

4. திரும்பி வருவது

மூன்றாம் நிலை கிடைத்தது. வாலாஜாபாத்திலிருந்து முருகையன் என்ற பணியாளர் பகலில் வருகிறார். கலைவாணி லைன் லீடராகவே திரும்பினாள். மற்ற வீடுகளுக்கும் போய், ஆடிட் என்ற சொல்லை ஒவ்வொரு வாசலிலும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது பெரியவர்களைத்தான் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். முதல் வரியாக, "உங்களை யாரும் எங்கேயும் கொண்டுபோக வரவில்லை" என்று சொல்கிறேன். அரசு கொடுத்த தாள் அதற்குப் பிறகுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நம் ஆட்கள் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். அது பதில் இல்லை, மரியாதை. நேற்று யார் குளிப்பாட்டினார்கள், யார் பொத்தான் போட்டார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று, கூட்டத்தில் எல்லோருக்கும் டக்கென்று புரிந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். என்ன புரிந்தது என்று கேட்ட பிறகு போண்டா சாப்பிடப் போங்கள்.

சில மாதம் கழித்து தனசேகர் போன் செய்தார்.

"சார், ஒரு ப்ராப்ளம். பிசியோ குடுத்து குடுத்து அப்பா வாக்கரப் புடிச்சுகினு நடக்க ஆரம்பிச்சுட்டாரு. நாளைக்கு சிஸ்டர் ரிவ்யூவுக்கு வர்றாங்க. நிலைய எறக்கிட்டா முருகையன் வர மாட்டாரே, இன்னா சார் பண்றது? படுக்க வெச்சுடவா?"

ஒருவர் நடக்க ஆரம்பித்ததற்கு இரண்டு ஆண்கள் போனில் பயந்து நடுங்கியது அந்த வட்டாரத்திலேயே அதுதான் முதல்முறையாக இருக்கும். "படுக்கல்லாம் வைக்காத தம்பி, இருக்கறபடி இருக்கட்டும்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

சிஸ்டர் வந்தார். ஏகாம்பரம் வாக்கரைப் பிடித்து எழுந்தார். ஒவ்வொரு அடியாக வைத்து, குளியலறைக் கதவைத் தொட்டுவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்தார். சிஸ்டர் கைதட்டினார். தனசேகரும் நானும் கைதட்டவில்லை. எங்கள் கண் சிஸ்டரின் பேனா மேல் இருந்தது. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய கலைவாணி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஏகாம்பரத்தின் கால் நடுங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டார். இந்தமுறை யாரும் அவருக்கு எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"இது வரைக்கும் நான் வந்துட்டேம்மா" என்றார் சிஸ்டரிடம். "திரும்பிப் போறதுக்கு முருகையன் வேணும். ரெண்டையும் எழுது." பிறகு வாசல் பக்கம் பார்த்து அதட்டினார். "நீ இன்னா பாத்துகினுக்கீற? பஸ்ஸு போய்டப் போவுது, ஓடு!"