ஏரிக்கரைக் காற்றும் நான் கட்டிய பலகையும்

தணிகைமலை முருகனை வணங்கி, அண்ணனின் வருஷத் திதிக்கு நம் உறவினர் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவன் நான். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொய் இருக்காது.

அண்ணன் திருத்தணியில் நெசவுக் குடும்பத்தின் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நைனா காலமானபோது அவருக்குப் பதினைந்து வயது. அன்றிலிருந்து அம்மாவையும் என்னையும் தறியோட்டிக் காப்பாற்றினார். நூல் கிடைக்காத சண்டைக்காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகும் வேலை பார்த்தார். திரும்பி வந்தபின், பட்டாளம் கழித்துப்போட்ட வண்டி ஒன்றை வாங்கி, எங்கள் தெருச் சேலைகளை வேலூர், நெல்லூர், பட்டணம் என்று கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவர் பயந்தது காற்று ஒன்றுக்குத்தான். புறப்படுமுன் பழைய பேப்பரை நெஞ்சில் விரித்து, அதன்மேல் சட்டைப் பொத்தான் போடுவார். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். ஆடி மாதத்து மேல்காற்றில் குனிந்து, கையை இறுக்காமல் பிடித்து ஓட்டுவார். சாலையோரப் புளியமரங்கள் முடியும் இடம் வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுவார். எந்தச் சுமையானாலும் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும், கால் மட்டத்தில் தொங்கும்படிதான் கட்டுவார். முதுகுக்கு மேல் எழும்பினால் காற்று பிடித்துத் தள்ளிவிடும் என்பார்.

போன ஆடியில், புத்தூருக்கு அப்பால் ஓர் அம்மன் கோயிலுக்கு வஸ்திரம் கேட்டிருந்தார்கள். நான் விரதமிருந்து நெய்தேன். சாமி வஸ்திரத்தை இடுப்புக்குக் கீழே இறக்காமல் கொண்டுபோவது நம் வழக்கம். மடிப்பு கலையாமல் இருக்க இரண்டு அகலப் பலகைக்கு நடுவே வைத்துக் கட்டியிருந்தேன். அண்ணன் அதைப் பக்கவாட்டில் தொங்கவிடப் போனார். நான் தடுத்தேன்.

“கால் படற எடத்துல சாமி துணியா ண்ணா?”

“ஏரிக்கரைல காத்து தூக்கிடும்டா. அம்மனுக்கு அது தெரியாதா?”

பக்கத்தில் நின்ற மாமா, பட்டாளத்துச் சோறு தின்றவனுக்கு ஆசாரம் எங்கே இருக்கும் என்று சிரித்தார். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

“சரி, உன் இஷ்டத்துக்கே கட்டு” என்று வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பலகையை நிமிர்த்திக் கட்டியது இந்தக் கைதான்.

நகரி தாண்டி, ஏரிக்கரையில் காற்று அந்தப் பலகையில் அறைந்து, வண்டியோடு அவரைச் சரிவில் உருட்டிவிட்டது. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர், ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர், ஓடி இறங்கினார். மண்டையில் ரத்தம் நிற்கவில்லை. கையில் வேறு துணி இல்லாமல் பலகையைப் பிரித்து, வஸ்திரத்தைக் கிழித்துக் கட்டுப்போட்டு, தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதனால்தான் அண்ணன் மூன்று நாளாவது உயிரோடு இருந்தார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். என்னைக் கூப்பிட்டு, “காத்து தள்ளிச்சிடா. நீ மனசுல வெச்சிக்காத” என்றார். ஒரு வருஷமாக என்னால் அது முடியவில்லை.

பத்தாம் நாள் நம் சனம் என்ன பேசியது? கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்றீர்கள். சேலைகளைக் கால்மாட்டில் கட்டிக்கொண்டு திரிந்ததற்கு அம்மன் கொடுத்த கூலி என்றார் மாமா. வேற்றுக் கை பட்டு வஸ்திரம் கிழிந்தது தீட்டு, பரிகாரம் செய்ய வேண்டும் என்று கூடிக்கூடிப் பேசினீர்கள். துக்கம் கேட்க நகரிப் பக்கமிருந்து நடந்தே வந்த வண்டிக்காரரை வாசலில் நிற்கவைத்தீர்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் இருந்தால் இதை எழுதவிட மாட்டார். “போவட்டும் வுட்றா” என்றிருப்பார். ஆனால் போனவர் மேல் பழி நிற்கக் கூடாது. அவர் வேகமாக ஓட்டவில்லை. ஆசாரம் கெட்டவரும் இல்லை. காற்றை அறிந்தவர் சொன்னதை நான் கேட்கவில்லை. மலையேறும்போதெல்லாம் முருகனிடம் சொல்லி அழுவதை இன்று உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

அண்ணனுக்காகப் பாடுபட்ட டாக்டர் ஐயாவுக்கும், பக்கத்திலேயே இருந்த நர்சம்மாவுக்கும், அம்மாவைத் தேற்றிய எதிர்வீட்டாருக்கும் என் நன்றி. வண்டிக்காரரை அவர் வீட்டுக்கே போய் அழைத்திருக்கிறேன். வருஷத் திதிச் சாப்பாட்டில் முதல் இலை அவருக்குத்தான். அவரோடு பந்தியில் உட்கார மனமில்லாத உறவினர், இந்த மலரை வாங்கிக்கொண்டு வாசலோடு போய்விடலாம்.