என்னிடம் மிளகாய் இருந்தது

2020-ஆம் வருடம் சித்திரை மாதம், முதல் ஊரடங்கு சமயம். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நான் மாவு மில் நடத்துகிறேன். மில் என் மாமனார் ஆரம்பித்தது. என் கணவருக்கு மாவுத் தூசி ஆகாது, மில் வாசலை மிதித்தாலே மூச்சு இழுக்கும். அதனால் இருபத்திரண்டு வருடமாக மோட்டார் போடுவதிலிருந்து பெல்ட் மாற்றுவது வரை எல்லாம் நான்தான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

ஊரடங்கு வந்ததும் கடைகளில் கோதுமை மாவும் மிளகாய்ப்பொடியும் காணாமல் போய்விட்டன. என்னைக் கேட்டால், பாதிச் சரக்கு தீர்ந்ததற்குக் காரணம், தீர்ந்துவிட்டது என்று டிவியில் காட்டியதுதான். காலியான அலமாரியைக் காட்டக் காட்ட, ஒரு பாக்கெட் வாங்குகிறவர்கள் ஆறு பாக்கெட் வாங்கினார்கள். அதுவரை பாக்கெட் பொடிதான் மணக்கிறது என்று எங்கள் மில் பக்கமே வராதவர்கள் எல்லாம் சம்படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரேஷன் கோதுமை, பிள்ளைகளுக்குக் கஞ்சி மாவு, வருடத்துக்கு வேண்டிய மிளகாய், மல்லி என்று மில் நிறைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அனுமதி வாங்கித்தான் திறந்திருந்தேன். வாசலில் சுண்ணாம்பால் எட்டு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவர் என்று நிற்க வைத்திருந்தேன். எல்லாரும் முகத்தில் துணி கட்டியிருப்பார்கள். குறை சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் ஒன்றை யோசிக்க மறந்துவிட்டேன். மிளகாய் அரைத்தால் நெடி ஏறும், நெடி ஏறினால் இருமல் வரும். எத்தனையோ வருடமாக எங்கள் மில்லில் நடப்பதுதான். யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வழியே பைக்கில் போன யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார். எட்டு வட்டத்தில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் குனிந்து இருமுகிறார்கள். நடுவில் நான் மட்டும் சிலை மாதிரி நிற்கிறேன். பழகிய மூக்கு, எனக்கு இருமல் வராது. மோட்டார் சத்தத்தை எடுத்துவிட்டு சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். 'மாவு மில்லில் கொத்துக் கொத்தாய்க் கொரோனா. கண்டுகொள்ளாத உரிமையாளர்' என்று கீழே எழுத்து வேறு.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அக்காதான் அதை எனக்கு முதலில் அனுப்பினாள். கூடவே போனும் செய்தாள். "ஏளா, இந்த வீடியோவப் பாத்தியா? எந்த ஊரோ தெரியல, எப்படி இருமுதாவன்னு பாரு. நீ மில்லுல சூதானமா இரு" என்றாள். சொந்தத் தங்கச்சியையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நடுவில் நிற்பது நான்தான் என்று நானே சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் உள்ளூர் கேபிள் டிவியிலும் அது ஓடியது. பதினோரு மணிக்கு சுகாதாரத்துறை ஜீப் வந்து வாசலில் நின்றது. அதிகாரி ஒருவர், கூட இரண்டு பேர், பின்னாலேயே கேமராவுடன் கேபிள் டிவிக்காரர். மில்லைப் பதினான்கு நாள் பூட்டி சீல் வைக்க வேண்டும், வீடியோவில் இருக்கும் எல்லாருக்கும் பரிசோதனை எடுக்க வேண்டும் என்றார் அதிகாரி. உள்ளே நாற்பது வீட்டுச் சாமான் காத்துக் கிடந்தது. சுற்று வட்டாரத்தில் திறந்திருந்த மில் அது ஒன்றுதான். அதைவிட, எங்கள் மில்லில் சீல் வைத்தார்கள் என்ற பேச்சு வந்துவிட்டால் அப்புறம் எந்தக் காலத்திலும் ஆள் வராது.

"சார், பூட்டுங்க, நான் தடுக்கல. அதுக்கு முன்ன அஞ்சே அஞ்சு நிமிஷம் இங்கன வட்டத்துல வந்து நில்லுங்க" என்றேன்.

அவர் எதற்கு என்று கேட்டார். "அந்த வீடியோவுல என்ன நடந்துச்சோ அதையே செஞ்சு காட்டுதேன். கேமராக்காரரும் நிக்கட்டும்" என்றேன். என்ன நினைத்தாரோ, முதல் வட்டத்தில் வந்து நின்றார். கேபிள் டிவிக்காரர் இரண்டாவது வட்டத்தில் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டார். நான் எங்கள் வீட்டு மிளகாயில் ஒரு வாளி எடுத்தேன். நல்ல காரம், நாலு நாள் வெயிலில் காய்ந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுப் பைய உள்ளே தட்டினேன்.

முதலில் தும்மியது ஜீப் ஓட்டி வந்தவர். அவர் வட்டத்திலேயே இல்லை, தெருவில் நின்றிருந்தார். அடுத்தது அதிகாரி. மாஸ்க்கோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. கேமராக்காரர் இருமிய இருமலில் படம் என் கூரையையும் தரையையும் மாறி மாறிப் பிடித்திருக்கும். அதிகாரி கையை ஆட்டி, "போதும்மா, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். நான் மோட்டாரை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் சிரித்துவிட்டார். எதிர் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டினார்கள்.

சீல் வைக்கவில்லை, பரிசோதனையும் வேண்டாம் என்றார். ஆனால் ஆள் நிற்கும்போது மிளகாய் அரைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் நியாயம்தான். அன்றிலிருந்து வட்டத்தில் ஆட்களுக்குப் பதில் வாளிகள் நின்றன. காலையில் பெயரெழுதி வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் பொடியாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோடை முழுக்க ஒரு வாளிகூட மாறிப் போகவில்லை. இதையும் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அன்று முழுக்க எனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. சவுதியில் இருக்கும் கொழுந்தன்கூட, "மதினி, அதிகாரியையே இரும வச்சிட்டியளாமே" என்று சிரித்தார். ஊரே என்னைக் கொண்டாடியது. கேபிள் டிவி மட்டும் அந்த இருமலைக் காட்டவே இல்லை. காலையில் அந்த வீடியோவை அத்தனை தடவை ஓட்டியவர்கள், 'மாவு மில் வதந்தி' என்று கீழே ஒரே ஒரு வரி ஓடவிட்டதோடு சரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போட்டால் என்ன என்று என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். "மீன்காரருக்கு எவன் விசாரிச்சான்?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவுக்கு பைக்கில் குளத்து மீன் கொண்டு வருகிற தம்பி ஒருவர் உண்டு. பத்து நாளுக்கு முன்னால், அவர் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதாகவும், வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்பதை மறைத்து மீன் விற்பதாகவும் ஒரு குரல் பதிவு எனக்கு வந்தது. தெருப் பெண்கள் எல்லாரும் இருக்கிற குரூப்பில் அதைப் போட்டது நான்தான். ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு அவரிடம் யாரும் மீன் வாங்கவில்லை. இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு அவரும் வருவதை நிறுத்திவிட்டார்.

என்னிடம் மிளகாய் இருந்தது, அரைத்துக் காட்டினேன். அந்த மனிதர் எதைக் காட்டுவார்?

அவருக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையில் மீன் கொண்டு வரச் சொன்னேன். வந்தார். நடுத்தெருவில் எல்லாரும் பார்க்கவே வாங்கினேன். ஆம்புலன்ஸ் எதற்கு வந்தது என்று அப்போதுதான் கேட்டேன். அவர் மனைவிக்குப் பிரசவ வலி, பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அந்தப் பதிவைப் பரப்பியது நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தெரியும்க்கா. உங்க குரூப்புல நீங்க போட்டதுன்னு சொல்லித்தான் எங்க மாமியாவுக்கும் வந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். "வேண்டாம்ட்டி, நேத்துத்தான் ஊரே உன்னத் தூக்கி வச்சிருக்கு, நீயே ஏன் கெடுத்துக்கிடுத" என்றார் கணவர். அதே குரூப்பில் என் குரலிலேயே பேசினேன். "மாவு மில்லுக்காரி பேசுதேன். மீன்காரத் தம்பி வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது பிரசவத்துக்கு. காய்ச்சல்னு நான் போட்டது பொய், விசாரிக்காமப் போட்டுட்டேன். இன்னைக்கு அவருகிட்டதான் மீன் வாங்கி, இப்பம் குழம்பு கொதிக்கு." யார் யாருக்கு அந்தப் பழைய பதிவை அனுப்பினார்களோ, அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்பச் சொன்னேன்.

முந்தின நாள் பாராட்டியவர்களில் பாதிப் பேர் அன்று பதிலே போடவில்லை. ஆனால் மறுநாள் அவர் பைக்கைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள், அடுத்த வாரம் பத்துப் பேர். இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. அவர்கள் வீட்டு மிளகாய் வருடா வருடம் எங்கள் மில்லுக்குத்தான் வருகிறது.

அதிகாரியை இரும வைத்த கதையைக் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எனக்கே என்மேல் மரியாதை வந்தது மோட்டார் போட்ட அன்றைக்கு அல்ல, அந்தப் பதிவைப் பேசி முடித்தபோதுதான். இன்றும் யாரைப் பற்றியாவது ஒரு செய்தி என் போனுக்கு வந்தால், பாவம், இந்த ஆளிடம் அரைத்துக் காட்ட மிளகாய் இருக்கிறதா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.