வலது கிட்னி நார்மல்

"தம்பி, இந்த ரிப்போர்ட்ல ரைட் கிட்னிக்கு சைஸே இல்ல. டாக்டர் அப்படி விடமாட்டாரே," என்றார் ஸ்டெல்லா அக்கா.

ஹைதராபாத்தில் ஒரு மருத்துவமனை. ஸ்கேன் ரிப்போர்ட் எழுதும் சாஃப்ட்வேரை நான் அங்கே பொருத்தி இரண்டாவது வாரம். அதுவரை டாக்டர் டேப்பில் பேசுவார், அக்கா கேட்டு டைப் செய்வார். என் சாஃப்ட்வேரில் 'சிடி வயிறு' என்று க்ளிக் செய்தால் போதும், எல்லா உறுப்பும் நார்மல் என்று தானாக நிரம்பிவிடும். கோளாறு உள்ள வரியை மட்டும் மாற்றிக் கையெழுத்திடலாம். அக்காவை ஃபிலிம் கவுண்டருக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறார் என்று நினைத்தேன்.

"நார்மல்னா சைஸ் எதுக்குக்கா?" என்றேன் எகத்தாளமாக.

அக்கா செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். "டேப்புல சொல்லலைன்னா நான் போன் போட்டுக் கேப்பேன். இப்ப யாரு கேக்குறா? வாதம் நக்கோ, வேணாம். டாக்டர்கிட்ட காட்டு."

டாக்டர் செல்வராஜ் சேலத்துக்காரர். ஃபிலிமை லைட் பாக்ஸில் மாட்டியதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இவருக்கு ரைட் கிட்னியே கிடையாதுப்பா. பிறவியிலயே இல்ல. நான் பாத்தேனே! மாத்துறதுக்குள்ள போன் வந்துச்சு. உன் வரி அப்படியே நின்னுடுச்சு."

நோயாளி பட்டான்செரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். இடது கிட்னியில் கட்டி. கிட்னியோடு எடுத்துவிட அன்று பதினொரு மணிக்கு ஆபரேஷன். ரிப்போர்ட் கம்ப்யூட்டர் வழியாகத் தியேட்டருக்குப் போய்விட்டது. ஃபிலிம் இங்கேயே கிடந்தது. மணி பத்து ஐம்பது.

டாக்டர் போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. நான் மூன்று மாடி ஓடினேன். தியேட்டர் வாசலில் நர்ஸ் மறித்தார். நான் போட்ட கூச்சலில் சர்ஜனே வெளியே வந்துவிட்டார்.

"எவரு மீரு?" என்று தெலுங்கில் அதட்டினார்.

"சாஃப்ட்வேர்க்காரன் சார். ரிப்போர்ட் தப்பு. ரைட் கிட்னி இல்ல!"

மயக்க ஊசி இன்னும் போடவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலையே எல்லா 'நார்மல்' வரிகளையும் அழித்தேன். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் போனில் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொன்றும் ஒரு காலிக் கட்டமானது. நிரப்பாமல் கையெழுத்திட முடியாது. டாக்டர்கள் முணுமுணுத்தார்கள், பொறுத்துக்கொண்டேன். டாக்டர் சொல்லாததைச் சாஃப்ட்வேர் சொல்லக்கூடாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்.

மறுவாரம் கட்டியை மட்டும் எடுத்தார்கள். கிட்னி பிழைத்தது. ஃபிலிம் வாங்க வந்த அந்த மனிதர், ஆபரேஷன் ஏன் தள்ளிப்போனது என்று கவுண்டரில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

என் அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன், தப்பு என்னுடையது என்று.