நானாவின் பெயரில் போன விண்ணப்பம்

யுத்த காலத்தில் கணவர் மவுத்தான பிறகு, எத்தாளை ஊரில் கருவாடு காயவைத்து வீடு வீடாக விற்றுப் பிள்ளைகளை வளர்த்தேன். அப்போது, தனியே குடும்பம் நடத்தும் ஏழைப் பெண்களுக்குச் சந்தையில் இடம் கொடுக்கப் பிரதேச சபை முன்வந்தது. விண்ணப்பத்தில் என் பெயரை எழுத வெட்கப்பட்டு, ஆண்களின் பெயரையே எழுதும் எங்கள் பக்கத்து வழக்கப்படி, உடன்பிறந்த மூத்தவரான நானாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

இடம் பிரிக்கும் கூட்டத்தில் சபையின் பெண் உத்தியோகத்தர் அதை ஒதுக்கி வைத்தார். “இது ஆம்பிளைட பேர். இவருக்கு இடமில்ல.”

நான் தலைகுனிந்திருந்தேன். பக்கத்து வீட்டு ஜெஸ்மின் ராத்தா என் விலாவில் இடித்தார். “கருவாடு நாறுறது உன்ட கை, பேர் மட்டும் நானாடயா? எழும்பு புள்ள!”

எழும்பினேன். “அது நான் தந்த கடுதாசி, மிஸ். என்ட பேர் பரீனா” என்றேன். அவர் நானாவின் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினார்.

அன்றிலிருந்து எந்தப் படிவத்திலும் என் பெயரையே எழுதுகிறேன். நானாவும் கருவாட்டுக்குச் சந்தையில் என் கடைக்குத்தான் வருகிறார்.